குளிர்காலத்தில் நுண்பூச்சிகளை மேக்ரோவில் படம்பிடித்தல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

குளிர்காலத்தில் வெளியே சென்று, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள உயிர்களை மேக்ரோவில், அதாவது மிக நெருங்கிப் பெரிதாக, நூறு முறை படம்பிடித்து, திரும்பி வந்து பார்க்கும்போது இரண்டுகூடத் தேறாமல் போவது இந்த வேலையில் இறங்கிய எவருக்கும் நேர்வதுதான். பழியைக் குளிரின்மேல் போடுவது எளிது. நானும் அப்படித்தான் போட்டு வந்தேன். பிறகு என் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கெட்டுப்போனவற்றில் பெரும்பங்கு நான் கூடவே கொண்டுசென்ற வெப்பத்தால் கெட்டவை என்று தெரிந்தது. மூச்சு, விரல், அங்கிக்குள் வைத்திருந்து எடுத்த லென்ஸ் ஆகிய இவை கீழே பல அறிகுறிகளின் அடியில் திரும்பத் திரும்ப வரும்.

தமிழில் பனி என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிப்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். துளியாக நிற்பதைப் பனித்துளி என்றும், ஊசி ஊசியாக உறைந்திருப்பதை உறைபனி என்றும், பொழிந்து தரையில் கிடப்பதை வெண்பனி என்றும் பிரித்தே எழுதுகிறேன். கேமராவுக்கு இவை மூன்றும் மூன்று வேறு சிக்கல்கள்.

அறிகுறிகளுக்குள் போகுமுன் ஒரு வேண்டுகோள். படம் சரியில்லை என்று தோன்றியவுடன் அமைப்புகளை மாற்றத் தொடங்காமல், அதைத் திரையில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, எது கெட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று அமைப்புகளை மாற்றியவர், படம் சரியான பிறகும் எது சரிசெய்தது என்று அறியமாட்டார்.

அறிகுறி: பூச்சியே கண்ணில் படவில்லை

கோடையில் தேடும் உயரத்தில், அதாவது இலைகளிலும் பூக்களிலும் தேடுவதே பெரும்பாலும் காரணம். குளிர்காலத்தில் தரையோடு தரையாக இறங்க வேண்டும். ஈர இலைச்சருகின் அடிப்பக்கம், விழுந்து மக்கும் கட்டைகள், அடிமரத்துப் பாசி, தளர்ந்த மரப்பட்டை ஆகியவற்றில் ஸ்பிரிங்டெயில்களை எதிர்பார்க்கலாம். (வகைப்பாட்டின்படி இவை பூச்சிகளுக்கு நெருங்கிய தனிக்குழு, ஆறு கால் உண்டு, படம் எடுப்பவருக்கு அது போதும்.) இவற்றில் உருண்டை உடல் கொண்டவை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும், ஈரமான கட்டையின்மேல் பூஞ்சையையும் பாசியையும் மேய்ந்துகொண்டிருக்கும்.

வெண்பனி கிடக்கும் இடங்களில், வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே ஏறும் மந்தமான நாளில், மரங்களின் அடியைச் சுற்றிக் கரிப்பொடி தூவியதுபோல் ஏதேனும் தெரிந்தால் குனிந்து பாருங்கள். பொடி குதித்தால் அது பனித்தெள்ளு என்று அழைக்கப்படும் ஸ்பிரிங்டெயில் கூட்டம். அதே நாள்களில், நீண்ட அலகுபோன்ற முகமும் குறுகிப்போன இறகும் கொண்ட போரியஸ் பூச்சிகளும், சிலந்தி என்று ஏமாற்றும் இறகற்ற கியோனியா ஈக்களும் வெண்பனியின்மேல் நடப்பதைக் காணலாம். கால்களை எண்ணினால் ஏமாற்று வெளிப்படும்.

தேடலில் ஒரு வரம்பு உண்டு. கட்டையைப் புரட்டினால், இருந்தபடியே திருப்பி வையுங்கள். பட்டைக்கடியில் கூட்டமாக உறங்கும் பொறிவண்டுகளைக் கலைக்க வேண்டாம். அவை உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை நம்பியே குளிர்காலத்தைக் கடத்துகின்றன, எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு கரைகிறது.

அறிகுறி: வெறுங்கண்ணுக்குத் தெரியும் பூச்சி வ்யூஃபைண்டரில் கிடைக்கவில்லை

உருப்பெருக்கம் 5 மடங்காக இருக்கும்போது, அதாவது சென்சாரில் விழும் உருவம் உண்மை அளவைப்போல் ஐந்து மடங்காக இருக்கும்போது, 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டகச் சென்சார் காண்பது வெறும் 7.2 மி.மீ. அகலமுள்ள ஒரு துண்டு நிலத்தை மட்டுமே. அதில் புலஆழமும் (கூர்மையாகத் தெரியும் ஆழமும்) ஒரு முடியளவே என்பதால், சரியான இடத்தை நோக்கியிருந்தும் ஒன்றும் தெரியாத மங்கலான வெளி மட்டுமே கண்ணுக்குக் கிடைக்கும். குறைந்த உருப்பெருக்கத்தில் பூச்சியைச் சட்டகத்தின் நடுவில் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் படிப்படியாகக் கூட்டுவதே வழி. உருப்பெருக்கம் மாற்ற முடியாத அமைப்பாக இருந்தால், பூச்சிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய அடையாளம் ஒன்றை, ஒரு சுள்ளி நுனியையோ இலை நரம்பையோ, முதலில் கண்டுபிடித்து அதன் வழியே ஊர்ந்து செல்லுங்கள். ஆட்டோஃபோக்கஸை அணைத்துவிடுங்கள், இந்த அளவில் அது முன்னும் பின்னும் தேடித் தேடி உங்கள் பொறுமையையும் பேட்டரியையும் சேர்த்துத் தின்னும். லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்தி, உடலை முன்னும் பின்னும் மிக மெதுவாகச் சாய்த்தே ஃபோக்கஸ் பிடிக்க வேண்டும்.

அறிகுறி: ஃபோக்கஸ் பிடிப்பதற்குள் பூச்சி குதித்துவிடுகிறது அல்லது ஓடிவிடுகிறது

ஸ்பிரிங்டெயில்கள் பலவற்றின் வயிற்றுக்கடியில், ஒரு கொக்கியால் பிடித்து வைக்கப்பட்ட கவைபோன்ற உறுப்பு மடங்கியிருக்கும். கொக்கி விடுபட்டால் அது தரையை உதைத்து, உடல் நீளத்தைப்போல் பல மடங்கு தொலைவுக்குப் பூச்சியை எறிந்துவிடும். அதைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் நாம்தான். மேக்ரோவில் லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே சில விரல்கடைதான் இருக்கும். எடுத்துக்காட்டாக, கேனான் எம்பி-ஈ 65 லென்ஸில் இந்த இடைவெளி 1 மடங்கில் 101 மி.மீ., 5 மடங்கில் 41 மி.மீ. மட்டுமே. அவ்வளவு அருகில் நம் முகமும் இருக்கும்போது, ஒரு வெளிமூச்சு அந்தப் பூச்சிக்கு வெப்பக் காற்று வீசியதற்குச் சமம்.

திரையைச் சாய்த்துப் பார்க்கும் வசதி கேமராவில் இருந்தால், வ்யூஃபைண்டரைக் கைவிட்டு முகத்தை மேலேயும் பக்கவாட்டிலும் விலக்கி வையுங்கள். இல்லையென்றால், ஃபோக்கஸ் நெருங்கும்போது மூச்சைப் பிடித்து, எடுத்தபின் தலையைத் திருப்பி விடுங்கள். கழுத்துத்துணியால் வாயை மூடுவது தீர்வுபோல் தோன்றும். அது மூச்சை மேல்நோக்கித் திருப்பி வ்யூஃபைண்டரை நீராவியால் மூடிவிடும் என்பதை நான் ஒரு முழுக் காலைப்பொழுதை இழந்து கற்றேன்.

பூச்சியைக் கையில் எடுப்பதோ, பூச்சி இருக்கும் சுள்ளியை அதன் அருகிலேயே பிடிப்பதோ கூடாது. வெண்பனியில் நடமாடும் பூச்சிகள் குளிருக்குப் பழகிய உடல்கள். உள்ளங்கையின் சூடே அவற்றுக்குத் துன்பம், நீண்டால் உயிருக்கும் ஆபத்து. சுள்ளியின் தொலைநுனியைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸின் முன்பகுதியைத் தாங்கிக்கொண்டால், பூச்சியும் கேமராவும் ஒன்றாக ஆடும். இரண்டுக்கும் இடையிலான அசைவு பெரிதும் குறைந்துவிடும். முக்காலியைவிட இந்தப் பிடியையே நான் நம்புகிறேன்.

நடந்துகொண்டே இருக்கும் பூச்சியைத் துரத்தாதீர்கள். மேய்வதற்கோ உணர்கொம்பைத் துடைப்பதற்கோ அது நிற்கும். போகும் திசையில் முன்கூட்டியே ஃபோக்கஸ் வைத்துக் காத்திருப்பவருக்கே அந்தச் சில நொடிகள் கிடைக்கும்.

அறிகுறி: படம் மங்கலாக இருக்கிறது

கேட்கப்படும் கேள்விகளில் அதிகமானது இதுவே. மங்கல் என்பது ஒரு நோயின் பெயரன்று, ஐந்தாறு நோய்களுக்கும் பொதுவான காய்ச்சல். ஆகவே பெரிதாக்கிப் பார்த்து எந்த வகை மங்கல் என்று பிரித்தறிய வேண்டும்.

படத்தில் ஏதேனும் ஓர் இடம், பூச்சியின் பின்னங்காலோ அதன் அடியிலுள்ள பாசியோ, கூர்மையாக இருந்தால் பிழை ஃபோக்கஸில்தான். லென்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழுச்சட்டகக் கேமராவில் எஃப் 8 வைத்தால் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்) புலஆழம் 1 மடங்கில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 2 மடங்கில் அது சுமார் 0.36 மி.மீ. ஆகச் சுருங்கும். உங்கள் இதயத்துடிப்பே கேமராவை அதைவிட அதிகம் அசைக்கும். எனவே ஒரு படத்தோடு நிறுத்தாமல், உடலை மெல்லச் சாய்த்தபடி பத்துப் பதினைந்து படங்களை எடுத்து, கண் கூர்மையாக விழுந்ததைப் பொறுக்கிக்கொள்வதுதான் அனைவரும் செய்வது. அது ஏமாற்று வேலையன்று.

எங்குமே கூர்மை இல்லாமல், ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தால், அது அசைவு. உருப்பெருக்கம் பூச்சியைப் பெரிதாக்கும்போது அதன் வேகத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. நொடிக்கு 5 மி.மீ. நடக்கும் ஒரு பூச்சி, 2 மடங்கில் சென்சாரின்மேல் நொடிக்கு 10 மி.மீ. ஓடுகிறது, 1/200 நொடி ஷட்டரில் அந்த ஓட்டம் 0.05 மி.மீ., அதாவது 24 மெகாபிக்சல் முழுச்சட்டகச் சென்சாரில் எட்டுப் பிக்சல்கள். இதை நிறுத்த வல்லது ஃபிளாஷ். வழக்கமான ஃபிளாஷ் ஒன்றை 1/16 அல்லது 1/32 ஆற்றலில் வைத்தால், ஒளி நீடிக்கும் நேரம் ஒரு நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முழு ஆற்றலில் அவ்வாறில்லை என்பதால், ஃபிளாஷைப் பூச்சிக்கு அருகில் கொண்டுவந்து ஆற்றலைக் குறைப்பதே சரி.

ஃபிளாஷ் வைத்தும் கூர்மையான உருவத்தைச் சுற்றி நிழல்போல இரண்டாவது உருவம் தெரிகிறதா? சுற்றுப்புற ஒளியும் படத்தில் பங்கெடுக்கிறது என்று பொருள். ஃபிளாஷை அணைத்து, அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ இருண்டு வர வேண்டும். வெண்பனியின்மேல் வெயில் அடிக்கும்போது அவ்வளவு எளிதில் இருளாது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) குறைத்தும், உங்கள் உடலாலேயே நிழல் தந்தும் சரிசெய்யலாம்.

கோடுகளும் இல்லை, ஃபோக்கஸும் கண்ணில்தான் விழுந்திருக்கிறது, ஆனாலும் எல்லாம் பஞ்சுபோல மென்மையாக இருக்கிறது என்றால், அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) மிகவும் சுருக்கிவிட்டீர்கள். சிறு துளை வழியே செல்லும் ஒளி பரவுவதை இயற்பியல் பாடநூல்கள் விளிம்பு விளைவு என்று சொல்லும். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டி வரும் தொகையால் பெருக்கினால் கிடைப்பதே நடைமுறையில் செயல்படும் அப்பெர்ச்சர்: 2 மடங்கில் எஃப் 16 என்பது உண்மையில் எஃப் 48. (கேமரா காட்டும் எண்ணிலேயே இக்கணக்கைச் சேர்த்துவிடும் தயாரிப்புகளும் உண்டு, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) எஃப் 48இல் ஒரு புள்ளி சென்சாரில் 0.06 மி.மீ.க்கும் அதிகமான வட்டமாகப் பரவும், அதாவது பத்துப் பிக்சல்களுக்கு மேல். புலஆழம் கூடட்டும் என்று அப்பெர்ச்சரைச் சுருக்கச் சுருக்க, எல்லாம் சமமாக மங்கும் நிலைக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். 2 மடங்கில் எஃப் 8, 4 அல்லது 5 மடங்கில் எஃப் 4 முதல் 5.6 வரை என்பது நான் நிற்கும் எல்லை. இதே சிறு துளையில் சென்சாரின் தூசிகளும் கறுப்புப் புள்ளிகளாகத் துல்லியமாய்த் தெரியத் தொடங்கும். வானத்திலுள்ள பறவை என்று எண்ணிவிட வேண்டாம்.

கடைசி வகை மங்கலில் வெளிச்சமான பகுதிகளைச் சுற்றிப் பால்போன்ற ஒளிவட்டம் இருக்கும், கறுப்பு என்று ஒரு நிறமே படத்தில் இருக்காது. லென்ஸைச் சாய்த்து ஒளியில் பாருங்கள், மூச்சின் ஈரம் அதன்மேல் படிந்திருக்கும். உறைநிலைக்குக் கீழே அது உடனே உறைந்து மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முறை ஊதித் துடைப்பது கோடையின் பழக்கம். இங்கே அது படலத்தைத் தடிப்பாக்கும். காற்றூதியால் தட்டிவிட்டு, உலர்ந்த துணியால் மட்டும் ஒற்றியெடுங்கள். லென்ஸை அங்கிக்குள் வைத்துச் சூடாக்கவே கூடாது. வெளியே இருக்கும் வரை அது வெளியின் குளிரிலேயே இருக்கட்டும்.

அறிகுறி: படங்களை அடுக்கிச் சேர்த்தபின் உணர்கொம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன

ஃபோக்கஸை நகர்த்தி எடுத்த பல படங்களை ஜெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோக்கஸ் போன்ற மென்பொருளில் சேர்க்கும்போது இது நேரும். படங்களுக்கிடையே பூச்சி உணர்கொம்பை அசைத்திருக்கிறது, அவ்வளவுதான். அசைவுக்கு முந்தைய படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாறு படங்களின் நேர்மையான அடுக்கு, நாற்பது படங்களின் குழப்பத்தைவிட மேல். உறைபனி பூத்த விடியலில் குளிரால் அசைவற்றிருக்கும் பூச்சிகள் நீண்ட அடுக்குக்கு இடம் தரும். அங்கேயும் மூச்சு குறுக்கே வரும்: உறைபனி ஊசிகள் உங்கள் மூச்சில் உருகி, அடுக்கின் முதல் படத்தில் ஊசியாகவும் கடைசிப் படத்தில் துளியாகவும் நிற்கும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: தொடர்ந்து எடுத்த படங்களில் சில மட்டும் இருட்டாக உள்ளன

ஃபிளாஷ் மீண்டும் நிரம்புமுன் ஷட்டரை அழுத்திவிட்டீர்கள். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாவதால் நிரம்பும் நேரம் நீளும். ஆல்கலைன் பேட்டரிகள் இதில் மிக மோசம், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் எவ்வளவோ மேல், ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் பேட்டரிகள் கடுங்குளிரையும் தாங்கும். கேமராவின் லித்தியம்-அயான் பேட்டரி திடீரென்று காலி என்று காட்டினாலும் அதைச் செத்ததாக எண்ண வேண்டாம். உள்சட்டைப் பையில் சற்று நேரம் வைத்தால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பும். மாற்றுப் பேட்டரியை எப்போதும் உடலோடு ஒட்டியே வைத்திருங்கள். வெளியே எடுத்துச் செல்லும் பொருள்களில் உடல்சூட்டால் நன்மை பெறுவது அநேகமாக இது ஒன்றே.

அறிகுறி: வெண்பனி சாம்பலாகவோ நீலமாகவோ விழுகிறது

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். சட்டகம் முழுதும் வெண்மையாக இருக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு. ஃபிளாஷைத் தானியங்கி முறையில் இயக்கினால் அதன் ஈடுசெய்யும் அமைப்பையும் தனியே கூட்ட வேண்டும் என்பது பலர் மறப்பது. கூட்டும்போது ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் ஒளியளவு வரைபடத்தின்) வலப்பக்கம் முட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெண்பனியின் மணிமணியான தன்மை அங்கேதான் தொலையும்.

நீலம் வேறு கதை. நிழலில் கிடக்கும் வெண்பனி நீலவானத்தின் ஒளியைப் பெறுகிறது. ஃபிளாஷின் ஒளி ஏறக்குறைய 5500 கெல்வின், நிழலின் ஒளி அதைவிட மிக நீலம். ஆகவே ஃபிளாஷ் பட்ட பூச்சி சரியான நிறத்திலும் பின்னணி நீலத்திலும் நிற்கும். எனக்கு இது பிழையாகத் தோன்றுவதில்லை, குளிரைக் குளிராகக் காட்டுகிறது. பிடிக்காதவர்கள் சுற்றுப்புற ஒளியின் பங்கைக் குறைக்கலாம்.

அறிகுறி: பின்னணி முழுக் கறுப்பு

பகலில் எடுத்த படம் நள்ளிரவுபோல் இருப்பதற்குக் காரணம், ஃபிளாஷின் ஒளி தொலைவின் இருமடிக்கேற்ப விரைவாகக் குறைவதே. பூச்சி 5 செ.மீ. தொலைவிலும் பின்னணி 50 செ.மீ. தொலைவிலும் இருந்தால், பின்னணிக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவை 400 அல்லது 800 ஆகக் கூட்டி, ஷட்டரைச் சற்று மெதுவாக்கிச் சுற்றுப்புற ஒளியை உள்ளே விடலாம், ஆனால் மேலே சொன்ன இரட்டை உருவம் அப்போது எட்டிப்பார்க்கும். அதனினும் எளிய வழி, பூச்சிக்குப் பின்னால் ஓரிரு அங்குலத்தில் ஒரு காய்ந்த இலையை நிறுத்துவது.

அறிகுறி: பூச்சியின் உடலில் வெள்ளைத் திட்டு

உருண்டை உடல் கொண்ட ஸ்பிரிங்டெயில் ஒரு குவிந்த கண்ணாடி. ஃபிளாஷின் முகத்தை அப்படியே திருப்பிக் காட்டும். திட்டின் வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஃபிளாஷின் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் உங்கள் டிஃப்யூசரின் வடிவம் தெரியும். அது சிறிய, கூரிய சதுரமாக இருந்தால் டிஃப்யூசர் போதாது. டிஃப்யூசரைப் பெரிதாக்குவதோடு, பூச்சிக்கு மிக அருகில் கொண்டுவருவதும், ஃபிளாஷுக்கும் டிஃப்யூசருக்கும் இடையே வெளி விட்டு அங்கே இன்னோர் அடுக்கு வெள்ளைத் தாளைச் சேர்ப்பதும் பலன் தரும். தரையில் வெண்பனி இருந்தால் அதுவே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பி, வயிற்றுப்பக்கத்து நிழலைத் தணித்துவிடும். கோடையில் கிடைக்காத வசதி.

அறிகுறி: படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை

ஷட்டர் வேகம் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் எல்லையைத் தாண்டிவிட்டது. பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. எலக்ட்ரானிக் ஷட்டர் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: வீட்டுக்குள் வந்ததும் கேமரா முழுவதும் வியர்த்துவிட்டது

அறை 20 டிகிரி செல்சியஸில், ஈரப்பதம் 50 விழுக்காட்டில் இருந்தால், அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 9 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளின்மேலும் நீர் படியும். உறைநிலைக்கருகில் மூன்று மணிநேரம் கிடந்த கேமராவைச் சொல்லவே வேண்டாம். வெளிக்கண்ணாடியில் படிவதைத் துடைக்கலாம், லென்ஸின் உள்ளடுக்குகளில் படிவதைத் துடைக்க முடியாது. ஏற்கெனவே வியர்த்துவிட்டதென்றால், கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, லென்ஸைக் கழற்றாமல், முழுதும் உலரும்வரை விட்டுவிடுங்கள். ஹீட்டரின் முன்னே வைக்க வேண்டாம்.

அடுத்த முறை, வெளியில் நிற்கும்போதே கேமராவைக் காற்றுப்புகாத பைக்குள் வைத்து மூடிவிட்டு உள்ளே வாருங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா உள்ளே மெதுவாக அறையின் வெப்பத்துக்கு வரும். இதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் ஆகும். அதற்குள் படங்களைப் பார்க்கும் ஆவலில் பையைத் திறந்துவிடுவோம் என்பதால், மூடுவதற்கு முன்பே மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள்.